முதல் வில்லுக்கு எது: கட்டையா, பலகையா, மூங்கிலா?

நான் செய்த முதல் வில் ஓர் அம்பைக்கூட விடவில்லை. சுவரில் அடித்த கட்டையில் அதை உட்காரவைத்து, கயிறும் கப்பியும் போட்டு நாணை மெல்லக் கீழே இழுத்துக்கொண்டிருந்தேன். 22 அங்குலம் தாண்டியதும் 'டிக்' என்று ஒரு சத்தம். நகம் கடித்தால் வருமே, அவ்வளவுதான். என்னவென்று குனிவதற்குள் வில் இரண்டாகி, ஒரு துண்டு சமையலறை வாசல்வரை போய் விழுந்தது. மூன்று வாரத்துச் சனி ஞாயிறு போச்சு.

உடைந்ததை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு ஆசாரியிடம் போனேன். அவர் முறிந்த இடத்தைப் பார்க்கவில்லை, பலகையின் ஓரத்தைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு ரேகையை நகத்தால் தொட்டபடியே போனார். பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி அந்த ரேகை ஓரத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. முறிவும் அதே இடத்தில், அதே சாய்வில். "இது மேசைக்கு அறுத்த மரம் தம்பி. நார் இங்கேயே அறுந்து கெடக்கு. அறுந்தத வளைச்சா நிக்குமா?" என்றார்.

நான் ஒரே சமயத்தில் இரண்டு பாடம் படிக்கப் பார்த்திருக்கிறேன். மரம் பார்த்து எடுப்பது ஒன்று; எடுத்த மரத்தைச் சீராக வளையவைப்பது இன்னொன்று. முதலாவதில் தோற்றவனுக்கு இரண்டாவதில் பரீட்சை எழுதவே இடம் கிடைக்கவில்லை. அதன்பிறகு மல்பெரிக் கட்டையில் ஒரு வில், ஆஷ் என்ற வெளிநாட்டு மரப் பலகையில் ஒரு வில், மூங்கிலில் மூன்று வில் செய்திருக்கிறேன். எதில் ஆரம்பிக்கலாம் என்று யார் கேட்டாலும் மூங்கில் என்றே சொல்கிறேன். நல்ல வில் வேண்டுமென்றால் மூங்கிலைப் பிளந்தெடுத்த தப்பை முதலிடத்தில் வராது. ஆனால் மரம் பார்க்கும் பாடத்தில் பெரும்பகுதியை அது தானே கழித்துவிடும்.

ஒப்பிடுவதற்கு முன் வில்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பிடிக்கு மேலும் கீழும் உள்ள பாதிகளை மேல் கை, கீழ் கை என்று வைத்துக்கொள்வோம். இலக்கைப் பார்க்கும் பக்கம் வில்லின் முதுகு, நம்மைப் பார்க்கும் பக்கம் வயிறு. நாணை இழுத்தால் முதுகு விரிகிறது, வயிறு நசுங்குகிறது. முதுகில் நார் ஓரிடத்தில் அறுந்திருந்தாலும் அங்கே சிம்பு கிளம்பி வில் முறியும். வயிறு முறியாது, நசுங்கும். நாணைக் கழற்றிய பிறகும் வில் கொஞ்சம் வளைந்தபடியே நிற்கும். நசுங்கிய வில் மெதுவாக எய்யும், ஆனால் எய்யும். முதல் வில் செய்கிறவன் பயப்பட வேண்டியது முதுகுக்குத்தான்.

அடுத்தது தடிமன். நாணை முழுதாக இழுக்க எவ்வளவு பலம் வேண்டுமோ அதுதான் வில்லின் இழுவை, அதைப் பவுண்டில் சொல்வார்கள். கையின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் இழுவையும் பத்தில் ஒரு பங்கு குறையும். தடிமனில் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலோ கால் பங்குக்கு மேல் போய்விடும், ஏனென்றால் விறைப்பு தடிமனின் முப்படியைப் பொறுத்தது. 10 மில்லிமீட்டரை 9 ஆக்கினால் 40 பவுண்டு வில் 29 பவுண்டு ஆகிவிடும். ஒரு மில்லிமீட்டர் என்பது இழைப்புளியில் சில இழுப்பு. வில் செய்கிறவர்கள் கடைசிக் கட்டத்தில் இழைப்புளியை வைத்துவிட்டுச் சுரண்ட உட்காருவது இதனால்தான்.

இனி கட்டை. அடிமரத்தையோ நல்ல கிளையையோ வெட்டி, பிளந்து, காயவைத்துச் செதுக்கும் முறை இது. அழகு என்று பார்த்தால் இதுதான் அழகு. பட்டையை உரித்ததும் வரும் முதல் வளையத்தையே முதுகாக வைத்துக்கொண்டால், மேலிருந்து கீழ்வரை ஒரு நார்கூட அறுபடாத முதுகு கிடைக்கும். இங்கிலாந்தின் நெடுவில்கள் யூ மரத்தில் இப்படிச் செய்யப்பட்டவைதான். 1545இல் மூழ்கி 1982இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்டவை முழுசாகக் கிடைத்தன. அதற்கும் முந்தியது 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுக்கப்பட்ட ஓட்சி. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன அந்த மனிதரிடம் 1.82 மீட்டர் நீளத்தில் ஒரு யூ வில் இருந்தது. செதுக்கிய தடங்கள் அப்படியே தெரிய, வேலை முடியாத வில். எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் மல்பெரிக் கட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவுதான் வருகிறது.

நம் பக்கத்திலும் வில்மரத்துக்குப் பஞ்சமில்லை. 'சிலை' என்ற சொல்லுக்கே வில் என்றும், வில் செய்ய உதவும் ஒரு மரம் என்றும் அகராதியில் பொருள் இருக்கிறது. மலைக்காட்டுச் சடச்சி மரத்துக்குச் சமஸ்கிருதத்தில் வில்லை ஒட்டியே பெயர். ஆனால் காப்புக்காட்டில் கத்தி வைத்தால் வழக்குதான். அந்தப் பேச்சே வேண்டாம். பட்டா நிலத்தில் கிடைப்பதில் நான் முதலில் சொல்வது மல்பெரி. அமெரிக்காவில் வில்லுக்கென்றே பேர்போன ஓசேஜ் ஆரஞ்சு மரமும் மல்பெரியும் ஒரே குடும்பம். நம் நாட்டு ஹாக்கி மட்டைகளும் நெடுங்காலம் மல்பெரியில்தான் செய்யப்பட்டன. பட்டுப்பூச்சிக்கு வளர்க்கும் செடி வருஷா வருஷம் கவாத்து ஆவதால் தடியாக வராது. கவனிப்பாரற்று வேலியோரம் மரமாகிப்போன ஒன்றைத் தேட வேண்டும்.

தேடிப் பிடித்தாலும் உடனே வேலை இல்லை. பச்சைக் கட்டையை வளைத்துப் பார்த்தால் வளைந்தபடியே நின்றுவிடும். வெட்டிய அன்றே இரண்டு முனையிலும் பெயின்டோ ஃபெவிகாலோ பூசாவிட்டால் முனையிலிருந்து வெடிப்பு ஓடும். பிளந்து, உத்தேச வடிவத்துக்குச் செதுக்கி, ஒரு நேர்ச்சட்டத்தோடு சேர்த்துக் கட்டி நிழலில் வைத்தால் சில மாதம் ஆகும். முழுக்கட்டையாக விட்டால் வருஷக் கணக்கு. காய்ந்த பிறகு அது நேராக இருக்காது. முறுக்கு, முடிச்சு, பாம்பு போன நெளிவு எல்லாம் இருக்கும், அவற்றை ஒட்டியே செதுக்க வேண்டும். மரத்தை வாசிப்பது, காயவைப்பது, நெளிவோடு ஒத்துப்போவது என மூன்று பாடம் முடிந்த பிறகுதான் வளைக்கும் பாடமே தொடங்கும். என் மல்பெரிக் கட்டையில் ஒரு முடிச்சை நான் பெரிதாக நினைக்கவில்லை. அது வில்லாகி, பத்துப் பதினைந்து அம்பு போனபின் அங்கேதான் பிளந்தது.

பலகை விஷயத்தில் ஒரு குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். வில் செய்வது பற்றி அமெரிக்கர்கள் சொல்லும் ஆலோசனை பெரும்பாலும் 'கடைக்குப் போ, சிவப்பு ஓக் பலகை ஒன்று வாங்கு' என்றுதான் ஆரம்பிக்கும். அங்கே வீட்டுச் சாமான் கடையிலேயே முக்கால் அங்குலம் தடிமன், ஒன்றரை அங்குலம் அகலத்தில் ஆறடிப் பலகை இழைத்துக் காயவைத்துக் கிடைக்கும். நாற்பது பலகையைப் புரட்டி நேர் ரேகை உள்ளதைப் பொறுக்கலாம். நம் மரவாடியில் கிடைப்பது தேக்கு, வேங்கை, வேம்பு, இன்ன மரமென்று தெளிவாகச் சொல்லாத கலப்பு மரங்கள். நிலைக்கும் கதவுக்கும் நல்ல மரம் என்றால் அசையாத மரம்; நமக்கு வேண்டியது வளைந்து திரும்பும் மரம். நாற்பது பலகையைப் புரட்டினால் கடைக்காரர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

பெரிய ஊர்களில் மேசை நாற்காலிக்கு இறக்குமதி மரம் விற்கும் கடைகளில் ஆஷ் கேட்டுப் பாருங்கள். பலகை வில்லுக்கு நான் அறிந்தவரை நம் ஊரில் கைக்கு எட்டும் நல்ல தேர்வு அதுதான். அதன் ரேகை தடித்துத் தெளிவாகத் தெரிவதால் புதியவர் கண்ணுக்கும் புரியும். பலகையின் முகத்தில் ரேகை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட வேண்டும். ஓரத்திலும் அப்படியே ஓட வேண்டும். முகத்தை மட்டும் பார்த்து வாங்கியதுதான் என் முதல் தப்பு. சந்தேகமாக இருந்தால் முதுகில் லினன் துணியோ பழைய பட்டு வேட்டித் துண்டோ ஃபெவிகால் வைத்து இழுத்து ஒட்டலாம். துணி வில்லுக்கு வேகம் கூட்டாது, சிம்பு கிளம்பாமல் பிடித்துக்கொள்ளும். ஆஷ் பலகையில் நான் செய்த வில் 67 அங்குலம், 26 அங்குல இழுப்பில் 34 பவுண்டு. இன்றைக்கும் ஓடுகிறது. ஒழுங்கான பலகை கிடைத்தால் முடிவு மூங்கிலைவிட நன்றாகவே இருக்கும். ஒழுங்கான பலகை கிடைத்ததா என்பது முதல்முறை செய்கிறவருக்குத் தெரியாது, அதுதான் சிக்கல்.

இப்போது மூங்கில். மூங்கிலுக்கு மரத்தைப்போல வளையம் கிடையாது, பக்கவாட்டில் பருக்காது. முளைக்கும்போது என்ன பருமனோ அதே பருமன்தான், பிறகு உள்ளே இறுகுவது மட்டுமே. ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவரை நார்கள் கோடு போட்டதுபோல நேராகப் போகும். வெளித்தோலை ஒட்டி நெருக்கமாக, உள்ளே போகப் போகக் கலைந்து இருக்கும். அதாவது எந்தப் பக்கம் விரிவுக்குத் தாங்க வேண்டுமோ, அந்தப் பக்கத்தில் இயற்கையே நாரை அடுக்கிவைத்திருக்கிறது. தோலை முதுகாக வைத்து அதில் கத்தி படாமல் விட்டால் போதும். வளையம் தேட வேண்டாம், ரேகை வெளியே போகிறதா என்று கண்ணைச் சுருக்கவும் வேண்டாம். மத்திய இந்தியாவின் பீல் மக்கள் வில்லை மட்டுமல்ல, நாணையும் மூங்கில் பட்டையிலேயே செய்கிறார்கள். இரண்டு மீட்டருக்கு மேல் நீளும் ஜப்பானின் யூமி வில்லில் முதுகும் வயிறும் மூங்கில்தான். நம் நாட்டு வில்வித்தைப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்டு' என்று மூங்கில், மர வில்லுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

கிடைப்பதும் எளிது. 2017 கடைசியில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில், வனச் சட்டத்தின்படி மரமே அல்ல. பந்தலுக்கும் சாரத்துக்கும் மூங்கில் விற்கும் கடையில் கல்மூங்கில் என்று கேளுங்கள். ஓட்டை சிறுத்து, சுவர் கெட்டியாக இருக்கும். சுவர் அரை அங்குலத்துக்குக் குறைந்தால் வேண்டாம், ஏணிக்கே போகட்டும். பச்சை நிறம் மாறி மஞ்சள் ஏறிய, மூன்று நான்கு வயது முதிர்ந்த மூங்கில் வேண்டும். மாவுபோல் தூள் கொட்டும் பொடி ஓட்டைகள் தெரிந்தால் வண்டு உள்ளே குடித்தனம் நடத்துகிறது என்று அர்த்தம். தேய்பிறையில் வெட்டு, குளத்தில் ஊறப்போடு என்று பெரியவர்கள் சொல்வதில் தேய்பிறையைப் பற்றி நான் வாதம் செய்யவில்லை. ஊறப்போடுவதில் விஷயம் இருக்கிறது: வண்டு தேடி வருவது மூங்கிலில் உள்ள மாவுச்சத்தை, தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

கொடுவாளை முனையில் வைத்துச் சுத்தியலால் தட்டினால் மூங்கில் தானாகவே நேராகப் பிளந்துகொண்டு போகும். அந்தச் சத்தத்துக்காகவே ஒருமுறை செய்து பார்க்கலாம். கை உறை இல்லாமல் தொடாதீர்கள். மூங்கில் ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும், எனக்கு இடது கட்டைவிரலில் அடையாளம் இருக்கிறது. இரண்டு அங்குல அகலத் தப்பையாகப் பிளந்து, நிழலில் இரண்டு மூன்று மாதம் காயவிடுங்கள். பிறகு 66 அங்குலத்துக்கு வெட்ட வேண்டும். வெட்டும்போது கணுக்களைப் பாருங்கள். வில்லின் நடுப்புள்ளி ஒரு கணுவின்மேலோ, இரண்டு கணுக்களுக்குச் சரிபாதியிலோ விழ வேண்டும். அப்படி விழுந்தால் இரண்டு கையிலும் கணுக்கள் ஏறக்குறைய ஒரே தூரத்தில் வரும், இரண்டும் ஏறக்குறைய ஒரேமாதிரி வளையும். நீளத்தை மட்டும் அளந்து வெட்டிவிட்டு, ஒரு கையில் மூன்று கணு, இன்னொன்றில் நான்கு என்று நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

நடுவில் ஒன்றரை அங்குல அகலம், முனையில் அரை அங்குலம் என்று இரண்டு பக்கமும் ஒடுக்குங்கள். முதுகுப் பக்கத்துக் கணுவைச் சீவித் தட்டையாக்க வேண்டாம். நார் நெளிந்து போகும் ஒரே இடம் அது, தோலில் இருக்கும் பலவீனமும் அங்கேதான். உள்பக்கத்தில் பஞ்சுபோல இருப்பதையும் கணுத் தடுப்பையும் சுரண்டி வயிற்றைத் தட்டையாக்குங்கள். முனைகளில் உருண்டை அரத்தால் குதை போடுங்கள். நாண் மாட்டும் அந்தப் பள்ளத்துக்குக் குதை என்ற பழைய பேர் இருக்கும்போது வேறு பேர் எதற்கு? குதையை ஓரங்களில் மட்டும் போட வேண்டும். முதுகில் போட்டால் நாரை அறுத்ததாகிவிடும்.

இதன்பிறகு வருவதுதான் வில் செய்யும் வேலை, டில்லரிங் என்பார்கள். முதலில் தளர்வான நீளக் கயிறு மாட்டி நாலைந்து அங்குலம் மட்டும் இழுத்துப் பாருங்கள். கண்ணை நம்பாதீர்கள். டைல்ஸ் ஒட்டிய சுவருக்கு முன்னால் வில்லை மாட்டி, இழுத்த நிலையில் செல்போனில் படம் எடுங்கள். டைல்ஸ் கோடுகளோடு ஒப்பிட்டால் எந்த இடம் விறைப்பாக நிற்கிறது, எந்த இடம் கதவுக்கீல் மாதிரி மடிகிறது என்று தெரிந்துவிடும். விறைத்த இடத்தில் பென்சிலால் குறித்து, வயிற்றுப் பக்கம் மட்டும் சுரண்டுங்கள். கண்ணாடிச் சில்லு இதற்கு இழைப்புளியைவிட நல்லது. மடியும் இடத்தைத் தொடவே தொடாதீர்கள். ஒவ்வொரு முறை சுரண்டியதும் இருபது முப்பது தடவை மெல்ல இழுத்துவிட்டால்தான் சுரண்டியதன் பலன் வெளியே தெரியும். பெட்டி எடைபார்க்கும் கொக்கித் தராசு ஒன்றை நாணில் மாட்டிவிடுங்கள். 28 பவுண்டு வில் வேண்டுமென்றால் தராசில் 12.7 கிலோ வருகிற இடத்தோடு நிறுத்துங்கள், வில் இன்னும் பாதிதான் வளைந்திருந்தாலும் சரி. சுரண்டச் சுரண்ட அதே 12.7 கிலோ இன்னும் ஓர் அங்குலம், இன்னும் ஓர் அங்குலம் என்று கீழே போகும். 26 அங்குலத்துக்கு வந்தால் வேலை முடிந்தது.

சுரண்டிச் சுரண்டி 20 பவுண்டுக்கு வந்துவிட்டதா? மூங்கிலை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் இங்கே இருக்கிறது. லாரியின் அடியில் பட்டைகளை நீளம், குட்டை என்று அடுக்கியிருப்பார்களே, அதேபோல மிச்சம் இருக்கும் தப்பையில் பாதி நீளத்துக்கு ஒன்று வெட்டி, முனைகளைச் சீவி, வயிற்றுப் பக்கம் நடுவில் வைத்து நூலால் இறுக்கிக் கட்டிவிடலாம். இழுவை ஏறிவிடும். பலகையில் எடுத்த மில்லிமீட்டர் எடுத்ததுதான்.

குறை இல்லாமல் இல்லை. மூங்கிலின் வயிறு முதுகளவு வலுவானதல்ல, அதனால் வில் கொஞ்சம் வளைந்து நின்றுவிடும். என் முதல் மூங்கில் வில் நாணைக் கழற்றினால் இரண்டு அங்குலம் வளைந்தே கிடக்கிறது. கைப்பிடி மெலிசு, கயிறு சுற்றிப் பருமனாக்க வேண்டும். 40 பவுண்டுக்கு மேல் ஒற்றைத் தப்பையில் ஆசைப்படாதீர்கள். பார்வைக்கும் அது ஏதோ பந்தல்காரர் விட்டுப்போனதுபோல இருக்கும். என் மனைவி இன்றுவரை அதை ஒட்டடைக் கம்பு என்றுதான் சொல்கிறாள்.

மரத்தின் முதுகில் மூங்கில் ஒட்டும் கலப்பு வில் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக எய்யும், ஆனால் ஒட்டுவதே ஒரு தனி வித்தை என்பதால் அதை மூன்றாவது வில்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிவிசி பைப்பில் ஒரு மணி நேரத்தில் வில் வரும். அதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

நாணுக்கு எது எடுத்தாலும் டேக்ரான் நூல் போதும். அது பாலியெஸ்டர்தான், கொஞ்சம் இழுபட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இழுபடாத நவீன நூல்கள் முனையை அறுத்துவிடும். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பும். வீட்டுக்கு வரும் மச்சான் முதலில் செய்வது அதைத்தான்.

சிலருக்கு மூங்கில் சரிப்படாது. ஏற்கெனவே தச்சு வேலை தெரிந்து, பலகையைக் கையில் எடுத்ததும் ரேகை கண்ணில் படுகிறவர் நேராக ஆஷ் பலகைக்குப் போகலாம், அவருக்கு ஒரு பாடம் முன்பே முடிந்துவிட்டது. ஊரில் தோட்டமும் வெட்டப்போகிற மல்பெரி மரமும் இருப்பவர் கட்டையை இன்றே வெட்டி, முனைக்குப் பெயின்ட் அடித்து, நிழலில் போட்டுவைக்கட்டும். அது காய்ந்து முடிவதற்குள் மூங்கிலில் இரண்டு வில் உடைத்து ஒரு வில் செய்துவிடலாம்.

கடைக்குப் போனால் ஒரு முழு மூங்கிலாகவே வாங்குங்கள். ஏழடித் துண்டாக வெட்டிப் பிளந்தால் ஒரு துண்டிலேயே நாலு தப்பை வரும். நாலையும் சேர்த்தே காயவையுங்கள், முனையில் வெட்டிய தேதியை எழுதிவையுங்கள்.